தானாக நகரும் கர்சர்: ஒரு சிவப்புக் குமிழின் வரலாறு

மடிக்கணினியில் மும்முரமாக எதையோ தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது, கர்சர் தன் பாட்டுக்குக் கிளம்பி திரையின் ஓரத்தை நோக்கி மெதுவாக ஊர்ந்து போவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். யாரும் எதையும் தொடவில்லை. மவுஸும் செருகவில்லை. ஆனாலும் அது போகிறது. போய் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. இழுத்து நடுவில் விட்டால் மறுபடியும் அதே திசையில் கிளம்புகிறது.

உடனே மூன்று சந்தேகங்கள் வரும். வைரஸ் புகுந்துவிட்டதா? எங்கிருந்தோ யாரோ நம் கணினியை இயக்குகிறார்களா? இல்லை, கணினியே சாகக் கிடக்கிறதா? விசைப்பலகையின் நடுவில் குட்டியாக ஒரு சிவப்புக் குமிழ் உள்ள மடிக்கணினி என்றால், பெரும்பாலும் இந்த மூன்றும் இல்லை. அந்தக் குமிழ், தன்மேல் விரல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான்.

அது ஏன் அப்படி நினைக்கிறது என்று தேடிப் போனால், கதை 19ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிப் போகிறது. "தொடுகிறார்கள்" என்பதைக் கண்டுபிடிக்க இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பது அவ்வளவு கடினமில்லை. "யாரும் தொடவில்லை" என்பதைக் கற்றுக்கொடுப்பதுதான் கடினம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

நகர்த்தாமல் நகராத எலி

முதலில் மவுஸ். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் யோசித்துச் சொன்னதை, அவருடைய சகா பில் இங்கிலிஷ் 1964இல் செய்து முடித்தார். மரத்தால் ஆன ஒரு சின்னப் பெட்டி. அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள். ஒன்று இடம் வலம் அளக்கும், மற்றது மேல் கீழ் அளக்கும். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு மாநாட்டில் எங்கல்பார்ட் இதைப் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். 1970இல் காப்புரிமை கிடைத்தது.

மவுஸ்தான் சிறந்தது என்று அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்துவிடவில்லை. ஒளிப்பேனா, ஜாய்ஸ்டிக், மேசைக்கு அடியில் முழங்காலால் தள்ளும் ஒரு கருவி என்று பலவற்றோடும் போட்டி வைத்துப் பார்த்தார்கள். 1967இல் வெளியான அந்தச் சோதனை முடிவுகளில், பழகியவர்கள் கையில் மவுஸ்தான் முந்தியது.

இந்த மவுஸுக்கு ஒரு பெரிய நிம்மதி உண்டு. சக்கரம் உருளாவிட்டால் சமிக்ஞை கிடையாது. கையை எடுத்துவிட்டால் அது மேசைமேல் சும்மா கிடக்கும். "ஒன்றும் இல்லை" என்பதை அது தனியாக அளக்க வேண்டியதே இல்லை. அந்த வேலையை மேசையே செய்துவிடுகிறது.

ஆனால் மவுஸுக்கு மேசை வேண்டும். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து அதைத் தேடிப் பிடிக்கவும் வேண்டும்.

முக்கால் வினாடி

1984இல் டெட் செல்கர் என்ற ஆராய்ச்சியாளரை ஓர் எண் உறுத்தியது. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மவுஸைப் பிடிக்க ஏறத்தாழ 0.75 வினாடி ஆகிறது, திரும்பி வரவும் கிட்டத்தட்ட அவ்வளவே ஆகிறது என்று ஓர் ஆய்வு சொன்னது. முக்கால் வினாடி ஒரு பெரிய விஷயமா என்று தோன்றலாம். ஒரு பக்கத்தைத் திருத்தும்போது எத்தனை முறை கை போய் வருகிறது என்று எண்ணிப் பார்த்தால் தெரியும். ஒவ்வொரு முறையும் நேரம் மட்டுமல்ல, கவனமும் சிதறுகிறது.

விரலை விசைகளிலிருந்து எடுக்காமலே கர்சரை நகர்த்த வேண்டும் என்பதுதான் செல்கரின் எண்ணம். சில ஆண்டுகள் கழித்து ஐபிஎம் நிறுவனத்தில் சேர்ந்து, ஜோசப் ரட்லெட்ஜ் என்பவருடன் இதில் இறங்கினார். ஜி, எச், பி ஆகிய மூன்று விசைகளுக்கு நடுவே கிடைக்கும் துளி இடத்தில் ஒரு குச்சி. அது ஜாய்ஸ்டிக் மாதிரி சாயாது. அப்படியே நிற்கும். விரல் எந்தப் பக்கம், எவ்வளவு பலமாக அழுத்துகிறது என்பதை மட்டும் உணரும்.

இங்கேதான் மவுஸுக்கும் இதற்கும் அடிப்படையான வித்தியாசம். மவுஸில் கை எவ்வளவு தூரம் போகிறதோ, அதற்கேற்ற தூரம் கர்சர் போகும். குச்சியில் அழுத்தம் எவ்வளவோ, அதற்கேற்ற *வேகத்தில்* கர்சர் போகும். வண்டியின் ஆக்சிலரேட்டர் போல. மிதித்துக்கொண்டே இருக்கும் வரை வண்டி ஓடும்.

எந்த அழுத்தத்துக்கு எவ்வளவு வேகம் என்பதை முடிவு செய்வதில்தான் பெரும்பாடு. நேர்விகிதத்தில் வைத்தால் கர்சர் ஒன்று நத்தையாக ஊரும், அல்லது இலக்கைத் தாண்டிப் பாயும். செல்கரும் ரட்லெட்ஜும் பல சோதனைகளுக்குப் பிறகு ஒரு வளைகோட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மிகச் சிறிய அழுத்தத்துக்கு எதிர்வினையே கிடையாது. அதற்கு மேல் கொஞ்ச தூரம் வரை மெதுவான, நிதானமான ஒரே வேகம். ஒரே ஒரு எழுத்தைக் குறிபார்க்க அதுதான் வசதி. அதற்கும் மேல் அழுத்தினால் வேகம் கிடுகிடுவென ஏறும். ஆனால் கண்ணால் தொடர முடியாத அளவுக்குப் போகாது.

1990இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இருவரும் முடிவை நேர்மையாகவே எழுதினார்கள். வெறுமனே குறிபார்க்கும் வேலையில் இந்தக் குச்சி மவுஸை நெருங்குகிறது. தட்டச்சும் குறிபார்த்தலும் கலந்து வரும் வேலையில் மவுஸை முந்துகிறது.

1992 அக்டோபரில் ஐபிஎம் அறிமுகப்படுத்திய திங்க்பேட் 700சி மடிக்கணினியில் இந்தக் குச்சி "டிராக்பாயிண்ட்" என்ற பெயரில் வந்தது. 10.4 அங்குல வண்ணத்திரை, விலை 4,350 டாலர். கன்னங்கரேல் என்ற பெட்டியில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. அதன் வடிவமைப்பாளர் ரிச்சர்ட் சாப்பர். பிறகு மற்ற நிறுவனங்களும் இதே போன்ற குச்சிகளை வைத்தன. தோஷிபா அதற்கு "அக்யூபாயிண்ட்" என்று பெயர் சூட்டியது.

கம்பியை இழுத்தால்...

சாயாத குச்சி அழுத்தத்தை எப்படி உணர்கிறது? சாயாது என்று சொன்னாலும், கண்ணுக்குத் தெரியாத அளவு அது வளையத்தான் செய்கிறது. அந்த வளைவை அளக்கும் வித்தை மிகப் பழையது.

ஒரு கம்பியை இழுத்தால் அது நீள்கிறது, மெலிகிறது. அதன் மின்தடை சற்றே கூடுகிறது. இதை 1856இல் வில்லியம் தாம்சன் பதிவு செய்தார். பின்னாளில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்றவர் இவர்தான். இவ்வளவு சின்ன மாற்றத்தை அளக்க அவருக்கு உதவியது "வீட்ஸ்டன் பாலம்". பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் எல்லோரையும் படுத்தி எடுத்த அதே பாலம்தான். அதை முதலில் 1833இல் யோசித்தவர் சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி. 1843இல் பரப்பியவர் சார்லஸ் வீட்ஸ்டன். பெயர் பரப்பியவருக்குப் போய்விட்டது!

தாம்சன் கண்டது ஏறக்குறைய 80 ஆண்டுகள் நடைமுறைப் பயன் பெரிதாக இல்லாமல் கிடந்தது. 1938 வாக்கில் அமெரிக்காவில் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமலே, ஒரே யோசனைக்கு வந்தார்கள். மெல்லிய கம்பியை ஒரு பொருளின்மேல் பசை போட்டு ஒட்டிவிட்டால், பொருள் வளையும்போது கம்பியும் சேர்ந்து நீளும். தடையை அளந்தால் வளைவு தெரிந்துவிடும். ஒருவர் கலிபோர்னியாவில் இருந்த எட்வர்ட் சிம்மன்ஸ். மற்றவர் மாசசூசெட்ஸில் இருந்த ஆர்தர் ரூஜ். நிலநடுக்கம் வந்தால் உயரத்தில் நிற்கும் தண்ணீர்த் தொட்டி என்ன ஆகும் என்று ரூஜ் மாதிரி செய்து பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லிய தொட்டிச் சுவரின் அசைவை அளக்க வேறு கருவி சரிப்படாததால்தான் அவர் கம்பியை ஒட்டிப் பார்த்தார். இதுதான் "ஸ்ட்ரெயின் கேஜ்".

இன்று மளிகைக் கடையில் இருக்கும் மின்னணுத் தராசுக்குள் இருப்பதும் இதுவே. திங்க்பேட்டின் சிவப்புக் குமிழுக்கு அடியில் இருப்பதும் இதன் வாரிசுதான்.

சூடு பட்டாலும் தடை மாறும்

இங்கேதான் வில்லங்கம் தொடங்குகிறது. இழுத்தால் மட்டுமல்ல, சூடு பட்டாலும் கம்பியின் தடை மாறும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உலோக ஸ்ட்ரெயின் கேஜை ஆயிரத்தில் ஒரு பங்கு நீட்டினால் அதன் தடை ஆயிரத்தில் சுமார் 2 பங்கு கூடும். சாதாரணச் செம்புக் கம்பியை ஒரே ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்கினால் அதன் தடை ஆயிரத்தில் சுமார் 4 பங்கு கூடும்! அதாவது கம்பி செம்பாக இருந்தால், அரை டிகிரி வெப்பம் ஏறுவதும் ஒரு நல்ல அழுத்து அழுத்துவதும் ஒன்றாகவே தெரியும்.

இதற்காகத்தான் செம்பைப் பயன்படுத்துவதில்லை. 1887இல் எட்வர்ட் வெஸ்டன் கண்டறிந்த, செம்பும் நிக்கலும் கலந்த கான்ஸ்டன்டன் போன்ற உலோகக் கலவைகளின் தடை வெப்பத்துக்கு அதிகம் அசைவதில்லை. வீட்ஸ்டன் பாலமும் உதவுகிறது. நான்கு தடைகளும் ஒரே அளவு சூடானால் மாற்றங்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஆனால் மடிக்கணினிக்குள் அப்படி ஒரே சீராகவா சூடு பரவுகிறது? ஒரு பக்கம் பிராசசர் கொதிக்கிறது. மறுபக்கம் விசிறி காற்றைத் தள்ளுகிறது.

போதாக்குறைக்கு இன்னொன்று. ஒரு பொருளை நீண்ட நேரம் வளைத்தே வைத்திருந்தால், விட்ட உடனே அது முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. மெல்ல மெல்லத்தான் திரும்பும்.

சரி, சிறு பிழைதானே என்று விடலாமா? தராசில் விடலாம். ஒரு கிராம் பிழை என்றால் ஒரு கிராமோடு போயிற்று. குச்சியில் விட முடியாது. இங்கே அழுத்தம் என்பது வேகம். எவ்வளவு சின்னதானாலும் நிலையான பிழை ஒன்று இருந்தால், அது நிற்காத ஓட்டமாகிவிடும். வினாடிக்கு 100 முறை செய்தி அனுப்பும் ஒரு குச்சி, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு புள்ளி தவறாகச் சொன்னால் போதும். 1024 புள்ளி அகலமுள்ள திரையைக் கர்சர் பத்தே வினாடியில் கடந்துவிடும்.

காலித் தட்டு எது?

கடைக்காரர் எடை போடும் முன் தட்டு காலியாக இருக்கிறதா என்று பார்த்து, எண் 0 காட்டாவிட்டால் ஒரு பொத்தானை அழுத்திச் சரி செய்வார். அவருக்குத் தட்டு காலி என்று கண்ணால் தெரியும். குச்சிக்குக் கண் கிடையாது. தன்மேல் விரல் இருக்கிறதா இல்லையா என்பதை அது தன் ஒரே ஒரு அளவீட்டை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

பொறியாளர்கள் அதற்கு ஒரு விதி வைத்தார்கள். மனித விரல் சும்மா இருக்காது. அழுத்தம் கூடும், குறையும், நடுங்கும். ஆகவே அளவீடு சற்று நேரம் மாறாமல் அப்படியே இருந்தால், விரல் இல்லை என்று பொருள். அப்போது காட்டும் அளவையே புதிய பூஜ்யமாக எடுத்துக்கொள்.

நல்ல விதிதான். பெரும்பாலான நேரம் வேலை செய்கிறது. குச்சி நாள் முழுக்க யாருக்கும் தெரியாமல் தன்னைத் தானே சரி செய்துகொண்டே இருப்பது இதனால்தான். ஆனால் ஒரு நீண்ட பக்கத்தின் அடிக்குப் போக, ஒருவர் குச்சியை ஒரே சீராகக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அளவீடு மாறவில்லை. குச்சி "ஓஹோ, விரல் இல்லை போலிருக்கிறது" என்று அந்த அழுத்தத்தையே பூஜ்யமாகக் குறித்துக்கொள்கிறது. இப்போது விரலை எடுத்தால்? பூஜ்யத்துக்குக் கீழே போய்விடுகிறது. கர்சர் *எதிர்த்திசையில்* மேல்நோக்கி ஊரத் தொடங்குகிறது. பேய் பிடித்த மாதிரி தெரிவது இந்தத் தருணத்தில்தான்.

விரல் இல்லாத நிலை சற்று நேரம் நீடித்தால் அதே விதி மறுபடி வேலை செய்து, உண்மையான பூஜ்யத்தைப் பிடித்துவிடும். ஊர்வது நின்றுவிடும். ஆனால் கர்சர் தானாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டு யாராவது சும்மா இருப்பார்களா? பதறிப்போய் குச்சியைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுப்பார்கள். அது மறுபடி குழம்பும். நோயை நீட்டிப்பது பல நேரங்களில் அந்தப் பதற்றம்தான்.

எதிர்வினை இல்லாத அந்த ஆரம்பப் பகுதியைப் பெரிதாக்கிவிட்டால் என்ன? ஊர்வது குறையும். ஆனால் மெல்லிய தொடுதலுக்குக் குச்சி அசையாது. ஒரு எழுத்தைக் குறிபார்க்கவும் கட்டை விரலால் உந்த வேண்டியிருக்கும். நுணுக்கம் வேண்டுமென்றால் அவ்வப்போது ஊர்வதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். திங்க்பேட் கையேடுகளும் இதை மறைக்கவில்லை. கணினியைப் போட்டவுடன், உறக்கத்திலிருந்து எழுப்பும்போது, நீண்ட நேரம் அழுத்தும்போது, அறையின் வெப்பம் மாறும்போது சில வினாடிகள் கர்சர் நகரலாம், இது பழுதல்ல என்று அவற்றில் எழுதியிருந்தார்கள்.

டச்பேட் தப்பித்ததா?

1994இல் ஆப்பிள் தன் பவர்புக் 500 வரிசையில் உருளைப் பந்தை எடுத்துவிட்டு டச்பேட் வைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் டச்பேட் எங்கும் பரவியது. 2002இல் வந்த திங்க்பேட் டி30இல் குச்சியும் டச்பேடும் சேர்ந்தே இருந்தன.

டச்பேட் அழுத்தத்தை அளப்பதில்லை. விரல் அருகே வரும்போது மின்தேக்கத் திறன் மாறுவதை அளக்கிறது. மேலும் குச்சி போல வேகத்தைச் சொல்லாமல், மவுஸ் போல தூரத்தைச் சொல்கிறது. ஆகவே ஒரு சின்னப் பிழை முடிவில்லாத ஓட்டமாவதில்லை. ஆனால் "விரல் இல்லாத நிலை எது" என்ற கேள்வி அதையும் விடவில்லை. ஈரம், வியர்வை, வெப்பம் எல்லாம் மின்தேக்கத் திறனை மாற்றும். அதுவும் தன் பூஜ்யத்தை அடிக்கடி புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. நில இணைப்பு இல்லாத சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சலும் சேர்ந்தால் கர்சர் துள்ளும், நடுங்கும். குச்சியின் பிழை ஒரே திசையில் ஊரும். டச்பேடின் பிழை அங்குமிங்கும் குதிக்கும். இந்த வித்தியாசத்தை வைத்தே குற்றவாளியைப் பாதி கண்டுபிடித்துவிடலாம்.

அப்படியானால் என்ன செய்வது?

வரலாறு தெரிந்துவிட்டதால் வைத்தியம் எளிது.

1. கர்சர் ஊர ஆரம்பித்தால் இரண்டு கைகளையும் எடுத்துவிட வேண்டும். சில வினாடிகள் எதையும் தொடக் கூடாது. பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும்.

2. அடிக்கடி வந்தால், எது காரணம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அமைப்புகளில் குச்சியை மட்டும் நிறுத்திப் பார்க்கலாம். பிறகு டச்பேடை மட்டும். எதை நிறுத்தும்போது ஊர்வது நிற்கிறதோ, அதுதான் காரணம்.

3. குச்சி என்றால் மேலே உள்ள ரப்பர் தொப்பியைக் கழற்றிப் பார்க்கலாம். தேய்ந்து சரிந்திருந்தாலோ, பக்கத்து விசையில் உரசினாலோ குச்சிக்கு அது விரல் போலத்தான். மெல்லிய மாடலில் உயரமான பழைய தொப்பியைப் போட்டால், மூடும்போது திரையே அதை அழுத்தும்.

4. குச்சியின் உணர்திறனைக் குறைத்துப் பார்க்கலாம். லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு, எவ்வளவு நேரம் கை படாமல் இருந்தால் பூஜ்யத்தைச் சரி செய்ய வேண்டும் என்பதையே மாற்றும் வசதி உண்டு. அந்த அளவுருவின் பெயர் "டிரிஃப்ட் டைம்".

5. டச்பேட் என்றால் ஈரமில்லாத துணியால் துடைத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். சார்ஜர் இல்லாதபோது ஒழுங்காக இருந்தால் சந்தேகம் சார்ஜர்மீதோ சுவர் இணைப்பின் நில இணைப்பின்மீதோ போக வேண்டும்.

6. எதற்கும் மசியாவிட்டால் குச்சி உண்மையிலேயே பழுது. பெரும்பாலான மாடல்களில் அது விசைப்பலகையோடு சேர்ந்தே வருகிறது. விசைப்பலகையை மாற்றினால் போதும், கணினியை மாற்ற வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. பூஜ்யம் தவறிய கர்சர் முட்டாள்தனமாகத்தான் நகரும். அது கோப்புகளைத் தேடிப் பிடித்துத் திறக்காது, எழுத்துகளைத் தட்டாது. அப்படி நோக்கத்தோடு நகர்ந்தால் அது வேறு விஷயம். முதலில் இணைய இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும்.

கொடுத்ததும் எடுத்ததும்

2005இல் ஐபிஎம்மின் கணினிப் பிரிவு லெனோவோ கைக்குப் போனது. சிவப்புக் குமிழும் கூடவே போனது. 2025 ஜனவரியில் லெனோவோ அறிவித்த திங்க்பேட் எக்ஸ்9 மாடல்களில் அந்தக் குமிழ் இல்லை. விரல் வைத்துத் தேய்த்தே பழகிவிட்ட தலைமுறைக்கு அது தேவைப்படவும் இல்லை. ஆனால் அதில் பழகிய கைகள் இன்னமும் அதை விட மாட்டேன் என்கின்றன. காரணம் அந்த 0.75 வினாடிதான். நாள் முழுக்க எழுத்திலேயே கிடப்பவர்களுக்கு, கை நகராமல் வேலை நடப்பதன் சுகம் தெரியும்.

அந்த முக்கால் வினாடியை நாளைக்கு நூறு முறை மிச்சம் பிடித்துக் கொடுக்கும் குச்சி, பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான். எப்போதாவது ஒருமுறை, சில வினாடிகள், கையை எடுத்துவிட்டுச் சும்மா இருக்கச் சொல்கிறது. கணக்குப் பார்த்தால் நஷ்டமில்லை. சும்மா இருப்பதுதான் நமக்குக் கஷ்டம்.